தண்ணீர் பழகும்வரை

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி லிஃப்டுக்குள் போகாது. கனடாவில் இருந்துகொண்டு அளவு சொல்லி அதைச் செய்வித்த உமாசுதனுக்கு லிஃப்டின் அளவு ஞாபகத்தில் இல்லை. அவனுடைய அண்ணன் நாகேந்திரத்துக்கு அது தெரிந்திருந்தும் சொல்லத் துணிவில்லை. ஆகவே நான்கு பேர் அதைப் படிக்கட்டால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாகேந்திரம் கையை விரித்துக்கொண்டு, "மல்லி, பரிஸ்ஸமென்! தம்பி, கவனம், சுவரில முட்டப்போகுது!" என்று இரண்டு பாஷையிலும் பதறினார். இரண்டாம் மாடியில் முன்னால் பிடித்தவன் மூச்சு வாங்கியபடி சிங்களத்தில் ஏதோ சொன்னான். மற்ற மூவரும் தொட்டி ஆடும்படி சிரித்தார்கள்.

"என்னவாம் அப்பா?" என்று யதுஷா கேட்டாள்.

"உள்ளுக்க ஆரைப் படுக்க வைக்கப் போறியள் எண்டு கேக்கிறான். விசரன்."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்த ஃபிளாட் உமாசுதனுடையது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடு வாங்கிப் பூட்டிவைத்தால் உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். சொந்தக்காரரை இருத்தினால் பிடிக்காது. அப்படித்தான் நாகேந்திரமும் மனைவி கனகேஸ்வரியும் மகளும் கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். வாடகை கிடையாது. அதற்கு ஈடாகக் கனகேஸ்வரி ஜன்னல் கம்பியின் துருவைச் சுரண்டினாள். சோபாவின் பொலித்தீன் உறையைக் கழற்றாமல், சறுக்கிச் சறுக்கி அதன்மேல் உட்காரப் பழகினாள். சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. ஐந்து வருடமாகப் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் மேசையில்தான் சுவரோடு சாய்ந்து நின்றார்கள், அவசரத்தில் எழும்பிப் போகத் தயாரானவர்களைப் போல.

தொட்டி ஹோல் சுவரோரமாக இரும்புத் தாங்கியில் ஏறிய அன்று பின்னேரம் உமாசுதன் வீடியோவில் வந்தான். அவனுக்கு லோச் மீன்களில் பைத்தியம். கனடாவில் வீட்டு நிலவறை முழுக்க அவைதான். மனைவி பிரிந்துபோனதற்கும் அவைதான் காரணம் என்று சொந்தக்காரர் சொல்வதுண்டு.

"லோச் எண்டா என்ன தம்பி?" என்று கனகேஸ்வரி கேட்டாள்.

"எங்கட அயிரை மீன் இருக்கெல்லோ அண்ணி, அதின்ர பணக்காரச் சொந்தக்காரர். தரையோட தரையாத் திரியும். ஒரேஞ்ச் உடம்பில கறுப்புப் பட்டி, நல்ல வடிவு."

"குழம்பு வைக்கலாமோ?"

"அண்ணி, அது இருபது வருசம் உயிரோட இருக்கிற மீன்!"

அந்த 'இருபது வருசம்' கனகேஸ்வரியின் காதில் விழுந்த விதமே வேறு. தொலைபேசியை வைத்ததும் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு பாரத்தை இனி ஆர் அசைக்கிறது? இருபது வருசத்துக்கு மீன் வளக்கிறவர் அதைப் பாக்க ஆக்கள் வேணுமெண்டு யோசிக்காமலா வளக்கிறார்? எங்களை நம்பித்தான் வைக்கிறார்."

நாகேந்திரம் குனிந்து தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே சேலை விரிப்பவர். வீட்டுக்கு வந்தால் கால் ஊன்ற ஓர் இடமும் பேசாமல் இருக்க ஒரு சாட்டும்தான் அவருக்கு வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகேஸ்வரி பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து, தொட்டிக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்தாள். ஒரே ஓர் ஆணி. பிள்ளையாரைத் தூக்கி அதில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். அப்போது அவளுடைய முகத்தில் இருந்த நிம்மதியைப் பதினாறு வயது யதுஷா அதற்குமுன் கண்டதேயில்லை.

தொட்டி வேலை முழுக்க யதுஷாவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதும் சரியில்லை, அவளே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா சொல்லச் சொல்லச் செய்தாள். லோச்சுக்கு மீசை உண்டு, மண்ணைக் கிளறித் தின்னும், கூரான கல் மீசையை அறுத்துவிடும் என்பதால் மெல்லிய ஆற்று மணல் வந்தது. அதைக் குளியலறையில் வாளி வாளியாகக் கழுவி, தண்ணீர் போகும் குழாயை மணலால் அடைத்து, கீழ்வீட்டு அன்ரியிடம் பேச்சு வாங்கினாள். உருண்டைக் கல்லுகளை அடுக்கிக் குகை கட்டினாள். வெட்டிய பிவிசி குழாய்களை மரக்கட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பயந்த மீன் அது, ஒளிக்க இடம் இல்லையென்றால் கவலையிலேயே செத்துப்போகும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு வசனத்துக்காகவே அவளுக்கு அந்த மீனைப் பார்க்கும் முன்னரே பிடித்துப்போயிற்று.

"இன்னொண்டு பிள்ளை," என்றார் சித்தப்பா. "லோச் சில நேரம் செத்த மாதிரிச் சரிஞ்சு படுத்துக் கிடக்கும். பயப்பிடாத. நித்திரை."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கனகேஸ்வரி இதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்கட வீட்டு மனிசன் மாதிரி."

தண்ணீர்தான் பெரிய வேலை. "புதுத் தண்ணியில மீன் விட்டா அதின்ர கழிவே அதுக்கு நஞ்சு. அந்தக் கழிவைத் தின்னுற நல்ல கிருமி ஃபில்டருக்குள்ள இருக்கிற ஸ்பொஞ்சில வளரோணும். ஒரு இறாலை ஸ்டொக்கிங் துணியில கட்டிப் போட்டு அழுக விடு. மெல்ல மெல்லத் தண்ணி பழகும். ஒரு மாசம், ஒண்டரை மாசம் எடுக்கும். கண்ணாடிக் குழாயில தண்ணி எடுத்து மருந்து விட்டுப் பார். பச்சை நிறமெண்டா நஞ்சு. மஞ்சளெண்டா மீன் விடலாம். ஸ்பொஞ்சை மட்டும் பைப் தண்ணியில கழுவிப் போடாத. குளோரின் பட்டா கிருமி முழுக்கச் செத்துப்போம். பிறகு முதல்ல இருந்துதான்."

யதுஷா தினமும் சோதித்துப் படம் அனுப்பினாள். கரும்பச்சை பச்சையாகி, இளம்பச்சையாகி வந்தது. சித்தப்பா கைதட்டும் படங்கள் அனுப்பினார். கொட்டாஞ்சேனையில் மீன்கடை வைத்திருக்கும் இப்ஹாமிடம் ஐந்து லோச் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்தாயிற்று.

அந்த நாட்களில் ஒரு நாள் சித்தப்பா அவளுடைய அறையை அளக்கச் சொன்னார். அவள் மேசையை இழுத்துவிட்டு அளவு நாடாவைப் பிடித்தாள்.

"நல்லது. அந்தச் சுவரில இன்னும் ரெண்டு டேங்க் போடலாம்."

"இஞ்சயோ? அப்ப நான் எங்க படுக்கிறது சித்தப்பா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். திரையில் சித்தப்பாவின் முகம் உறைந்து நின்றது. இணையம் விட்டுப்போயிற்று என்று நினைத்தாள். இல்லை, பின்னால் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"பிள்ளை," என்றார் கடைசியில், "நான் அங்கயே வந்து இருப்பம் எண்டு பாக்கிறன். இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்? எல்லாரோடையும் நேரில வந்து கதைக்கிறன். அவசரமில்லை. டேங்க் ரெடியானோடன வாறன். நீ வாயைத் திறக்காத, என்ன? நீ கெட்டிக்காரி."

கெட்டிக்காரி அளவு நாடாவைச் சுருட்டினாள். அது கையிலிருந்து நழுவிச் சட்டென்று உள்ளே ஓடி, விரலை அறுத்தது.

இந்த வீட்டை விட்டால் கொட்டாஞ்சேனைதான். அப்பாவின் அக்கா வீட்டு மேல்மாடியில் அந்த ஒற்றை அறைதான். பள்ளிக்கூடம் தூரம், ட்யூஷன் தூரம் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு. அங்கே குளியலறை பொது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த கடைப் பெடியன்களும் அதைத்தான் பாவித்தார்கள். கதவின் கொண்டி உடைந்திருந்தது. பதினொரு வயதில், ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தண்ணீர் அள்ளிக் குளித்தவள் அவள். ஒரு நாள் வெளியிலிருந்து யாரோ மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். பேச்சில்லை, சிரிப்பில்லை, ஒரு தள்ளு மட்டும். அவள் உடம்பு முழுவதையும் கதவில் சாத்தி நின்றாள், தண்ணீர் காயும்வரை. அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா கதவடியில் காவல் நில்லாமல் குளிக்கமாட்டேன் என்று மட்டும் அடம்பிடித்தாள். அத்தை இதைப் பார்த்துவிட்டு, "இருக்க இடம் குடுத்தா இப்ப மகாராணிக்குக் காவலும் கேக்குதோ?" என்று கீழே இருந்து கத்தினாள்.

இந்த வீட்டுக் குளியலறைக் கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருந்தன. வந்த முதல் நாள் அவள் இரண்டையும் போட்டுவிட்டு, குளிக்காமல், தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை கண்ணாடிக் குழாயில் விட்ட மருந்து ஏறக்குறைய மஞ்சளாகவே நின்றது. யதுஷா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழகான நிறம். சித்தப்பா விமானம் ஏறும் நிறம். படம் எடுக்கவில்லை. ஃபில்டரைத் திறந்து, பழுப்பேறி வழுவழுத்து மழைக்காட்டு மண்போல மணத்த ஸ்பொஞ்சை வெளியே எடுத்தாள். குளியலறைக்குப் போய் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு, குழாயை முழுதாகத் திறந்து, பிழிந்து பிழிந்து கழுவினாள். பழுப்புத் தண்ணீர் ஓடி ஓடிக் கடைசியில் தெளிந்தது. ஒரு மாதம் வளர்ந்தது ஓர் ஐந்து நிமிடத்தில் போயிற்று. வெளியே வந்து தொட்டிக்குள் இன்னோர் இறாலை இறக்கினாள்.

இரண்டு நாளில் பச்சை திரும்பி வந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினாள். "இன்னும் சரிவரேல்ல சித்தப்பா."

பொய் ஒருமுறை சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் தெரியத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பொஞ்சு குளியலறைக்குப் போனது. சித்தப்பா மருந்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார், சூடாக்கியை மாற்றச் சொன்னார், கொழும்புத் தண்ணீரைத் திட்டினார். பிறகு அவருடைய குரலில் சலிப்பு ஏறியது. "உனக்கு ஏலாட்டிச் சொல்லு, வேற ஆளைப் பிடிக்கிறன்." கனகேஸ்வரி இதை அடுப்படியிலிருந்து கேட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை.

யதுஷாவுக்கு நித்திரை போயிற்று. ஒரு நாள் இரவு ஹோலில் தொட்டியின் நீல வெளிச்சத்துக்கு முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தூங்கிவிட்டாள். கடையிலிருந்து பிந்தி வந்த அப்பா, வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். பொலித்தீன் உறை அவர் அசையும்போதெல்லாம் முனகியது.

"படுக்கேல்லையோ?"

"அப்பா, ஒண்டு சொன்னா அம்மாக்குச் சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லு."

சொன்னாள். அறையை அளந்தது, சித்தப்பா சொன்னது, வாயைத் திறக்க வேண்டாம் என்றது. ஸ்பொஞ்சு தொண்டை வரை வந்து நின்றது. அதைமட்டும் சொல்லவில்லை. அப்பா வாளிக்குள் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார், எழும்புவார், உடனே கனடாவுக்கு அழைப்பு எடுப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"எப்ப இருந்து?"

"டேங்க் வரமுதலே."

"அப்ப ஏன் அம்மாவை ஆணி அடிக்க விட்டனீங்கள்?"

"அவ ஐஞ்சு வருசத்தில ஒரு நாள் சந்தோசமா இருந்தா. நான் போய் என்னத்தைச் சொல்ல?" காலைத் துடைத்தார். "பாப்பம். தம்பி மனம் மாறினாலும் மாறுவான். டேங்கும் சரிவருகுதில்லை எண்டுதானே சொல்றான். அம்மாக்கு மூச்சு விடாத."

ஆக, வீட்டில் மூன்று பேர் என்றால் இரண்டு பேருக்குத் தெரியும். தெரிந்த இரண்டு பேரும் தெரியாத ஒருத்தி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்றார்கள்.

கனகேஸ்வரியோ சும்மா இருக்கவில்லை. தண்ணீர் பழகாததற்கு அவள் தன் பங்குக்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். ராகு காலத்தில் தண்ணீர் விட்டார்கள், அதுதான். வீடு என்றால் குடிபூரலுக்கு நாள் பார்ப்போம், பால் காய்ச்சுவோம். மீனுக்கும் அது வீடுதானே? இருபது வருசம் இருக்கப்போகிற வீடு. கோயில் ஐயரிடம் போய் வெள்ளிக்கிழமைக்கு நல்ல நேரம் கேட்டு வந்தாள். யாருக்கும் மூச்சு விடவில்லை. கொழுந்தனுடைய சலிப்பை ஒரே நாளில் சந்தோஷமாக மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். மீன் நீந்துவதைப் படம் எடுத்து அனுப்பினால் அவர் என்ன சொல்வார் என்று மனதுக்குள் கேட்டுக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடமும் ட்யூஷனும் முடிந்து யதுஷா படியேறி வந்தபோது, கதவு நிலையில் மாவிலை கட்டியிருந்தது. சாம்பிராணி மணத்தோடு பால் தீய்ந்த மணமும் வந்தது. உள்ளே கனகேஸ்வரி நல்ல சேலை உடுத்து நின்றாள். கதிரையில் இப்ஹாம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஈரமான பொலித்தீன் பைகள் கிடந்தன.

"வாங்க மகள்," என்றார் இப்ஹாம். "ஒங்கட உம்மா என்ன விடவே இல்ல. நேரம் போகுது, நேரம் போகுதுன்னு ஃபோன் மேல ஃபோன். நிக்காஹ்வுக்குக்கூட நான் இவ்வளவு சரியா போனதில்ல. தண்ணி டெஸ்ட் பண்ணின தானே?"

"எல்லாம் இவள்தான் பாக்கிறவள்," என்றாள் கனகேஸ்வரி பெருமையாக. "பால் எந்தப் பக்கம் பொங்கினது தெரியுமோடி? கிழக்கால! உள்ளுக்கும் ஒரு கரண்டி விட்டனான், அதுகளுக்கும் சேத்து. வந்து பார், பிள்ளையள் எவ்வளவு வடிவு."

யதுஷா புத்தகப் பையைக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கட்டிய குகையின் வாசலில், மெல்லிய மணலில், ஐந்து லோச்சும் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. ஒரேஞ்ச் நிறம் வெளுத்துப் போயிருந்தது. செவுள்கள் அவசரம் அவசரமாக அடித்துக்கொண்டன, உள்ளே சிவந்து.

"சத்தம் போடாத," என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "நித்திரை கொள்ளுதுகள்."

"அம்மா—"

"சித்தப்பா சொன்னவரெல்லே? செத்த மாதிரித்தான் படுக்குங்களாம். நான் பயப்பிடேல்லை."

"அம்மா, சாகுதுகள் அம்மா!"

இப்ஹாம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு பார்வைதான். "யா அல்லாஹ். மகள், வாளி. சுருக்கா."

வாளியில் தண்ணீர் பிடித்து, குளோரின் போக்கும் மருந்து விட்டு, வலையால் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கைக்கு வந்த முதலாவது அசையவேயில்லை. இரண்டாவது வலைக்குள் ஒருமுறை துடித்தது. கனகேஸ்வரி பால் பானையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். "நான் நேரத்துக்குத்தானே விட்டனான்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்ல நேரத்துக்குத்தானே விட்டனான்."

நாகேந்திரம் வந்தபோது நான்கு போய்விட்டன. ஒன்று மட்டும் வாளியின் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இப்ஹாம் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் தண்ணி மாத்துங்க, கைய விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உமாசுதன் அழைப்பு எடுத்தான். மீன் செத்ததை இப்ஹாம்தான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தொலைபேசியைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே தொட்டி மூடியில் சாய்த்து வைத்தார்கள். மூவரும் அதற்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"அது என்ன அண்ணி சுவரில? ஆணி அடிச்சனீங்களோ?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

கனகேஸ்வரி திரும்பி ஆணியைப் பார்த்தாள், முதல்முறையாகக் காண்பவள் போல.

"சரி, அதை விடுங்கோ. மீனுக்கு என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். நாள் பார்த்ததைச் சொன்னாள், பால் காய்ச்சியதைச் சொன்னாள். ஒரு கரண்டி விட்டதை மறைக்காமல் சொன்னாள்.

"பாலா? டேங்குக்குள்ள பால் ஊத்தினீங்களா?" உமாசுதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். "அண்ணி, நான் உங்களை நம்பித்தானே வீட்டைத் தந்திருக்கிறன். ஒரு டேங்கைப் பாக்கத் தெரியேல்ல. பாலை ஊத்தி உயிரை எடுத்திருக்கிறியள். இனி நான் ஆரை நம்பி என்னத்தைச் செய்யிறது? அண்ணை, இப்பிடியே விடேலாது. உங்களுக்கு விளங்கும் நான் என்ன சொல்லுறன் எண்டு."

அவனுடைய குரலில் கோபத்தோடு வேறொன்றும் இருந்தது. யதுஷாவுக்கு அது விளங்கியது. பாரம் இறங்கிய குரல். மாதக்கணக்காகச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொல்ல, ஒரு கரண்டிப் பால் அவருக்கு வழி விட்டிருக்கிறது. இனி எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் இதைத்தான் சொல்வார். அண்ணி பால் ஊற்றினாள், அதனால்தான். கனகேஸ்வரி தலையைக் குனிந்து, "என்ர பிழைதான் தம்பி" என்றாள்.

"பாலால இல்லை," என்றாள் யதுஷா.

"நீ பேசாமல் இரு பிள்ளை."

"பாலால இல்லை சித்தப்பா. ஒரு கரண்டிப் பாலுக்கு ஒண்டும் நடக்காது, உங்களுக்குத் தெரியும். ஸ்பொஞ்சை நான்தான் பைப் தண்ணியில கழுவினனான். மஞ்சள் வாற நேரமெல்லாம் கழுவினனான். இறாலும் நான்தான் போட்டனான். டேங்க் ரெடியானா நீங்கள் வருவீங்கள். நீங்கள் வந்தா நாங்கள் போகோணும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கனகேஸ்வரி நிமிர்ந்தாள். "எங்க போறது?"

வாளிக்குள் போட்ட காற்றுக் குழாயிலிருந்து குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணி," உமாசுதன் தொண்டையைச் செருமினான், "நான் நேரில வந்து ஆறுதலாக் கதைப்பம் எண்டுதான்... அண்ணைக்கு எப்பவோ சொன்னனான் தானே."

கனகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் யதுஷா கொட்டாஞ்சேனையில் கதவைச் சாத்தி நின்றதைப் போல நின்றாள், ஆனால் சாத்துவதற்குக் கதவு இல்லை.

"ரெண்டு பேரும் தெரிஞ்சுகொண்டோ என்னைப் பால் காய்ச்ச விட்டனீங்கள்?"

"எனக்குப் பால் காய்ச்சப் போறது தெரியாதம்மா, நான் ட்யூஷனில—"

"ஆணி அடிக்கேக்க? அப்பவும் ட்யூஷனோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஒன்றும் தெரியாது என்று யதுஷா சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அது அப்பாவை மட்டும் தனியாக நிறுத்திவிடும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வீட்டில எனக்கு மட்டும்தான் தெரியாதாக்கும்," என்றாள் கனகேஸ்வரி. சிரிப்பதைப் போல ஒரு சத்தம் வந்தது. "ஐயருக்காவது சொல்லி வைச்சிருக்கலாம். நல்ல நாள் பாத்துத் தந்திருக்க மாட்டார்."

உமாசுதன் திரையில் அவசரப்பட்டான். "அண்ணி, நான் ஒருத்தரையும் றோட்டில விடேல்ல. கொட்டாஞ்சேனையில அக்கா வீட்டு மேல்மாடி சும்மாதான் கிடக்கு, நான் அக்காவோட கதைச்சிட்டன். யதுவும் வேணுமெண்டா வாரத்தில ஒருக்கா அங்க வந்து டேங்கைப் பாக்கட்டும். பிழை விட்டாலும் கெட்டிக்காரிதான், பழக்கிவிடலாம். கொட்டாஞ்சேனை என்ன கனடாவிலயா இருக்கு? பஸ்ஸில வரலாம்தானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அந்த இருக்கிற ஒண்டையாவது காப்பாத்து. என்ன?" என்றான்.

அழைப்பு முடிந்தது. நாகேந்திரம் மாவிலையைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கம் போய் வருகிறேன் என்பதுபோல் ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார்.

யதுஷா செத்த மீன்களைக் கடதாசியில் சுற்றி வைத்தாள். இருக்கிற ஒன்றுக்குத் தண்ணீர் மாற்றத் தொடங்கினாள். வாளியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து ஊற்றி, மருந்து விட்ட நல்ல தண்ணீரில் ஒரு கோப்பை விட்டாள். மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் விட்டாள். இந்த மீன் பிழைத்தால் சித்தப்பா சந்தோஷமாக வருவார். செத்தால் கோபமாக வருவார். எப்படியும் வருவார். ஆனாலும் அவளால் கோப்பையைக் கீழே வைக்க முடியவில்லை. மீன் அவள் நிழல் பட்டபோதெல்லாம் வாளி ஓரத்தில் ஒதுங்கியது. ஒளிக்க அதற்கு ஓர் இடமும் இல்லை. அவள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டு பிவிசி குழாயை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாளிக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது உள்ளே போயிற்று.

பின்னால் கனகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு ஏறும் சத்தம் கேட்டது. பிள்ளையாரை இறக்கி மேசையில், மற்றவர்களோடு சாய்த்து வைத்தாள். இன்னும் திருப்பிக் கொடுக்காத பக்கத்து வீட்டுச் சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். ஒரு சின்னச் சாந்துக் கட்டி பெயர்ந்து தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது.

"பல்லு விளக்கிற பேஸ்டைக் கொண்டா."

வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த வேலை அது. யதுஷா ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினாள். அம்மா அவளைப் பார்க்காமல் வாங்கினாள். விரல் நுனியில் பிதுக்கி ஓட்டையில் அமுக்கி, மேலால் வழித்தாள். சுவர் பழுப்பு வெள்ளை. பேஸ்ட் பளீரென்று வெள்ளை.

"தெரியுதோ?"

யதுஷா ஈரக் கையோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"ஓம் அம்மா. தெரியுது."

கனகேஸ்வரி இன்னும் கொஞ்சம் பிதுக்கினாள்.